இடக்கைக்காரனை எங்கே நிறுத்துவது?

போன மாதம் பயிற்சி முடிந்து கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது புதுப் பயிற்சியாளர்களான உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: “மிஸ், ஒரு பிள்ளைக்கு எந்த இடம் சரிவரும் என்று பார்த்ததுமே உங்களுக்குத் தெரிந்துவிடுமா?” தெரியாது என்றேன். அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தீர்கள். அடக்கமெல்லாம் இல்லை. உண்மையிலேயே தெரியாது. தெரியாமல் எப்படித் தடவித் தடவிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

உங்களில் பெரும்பாலோர் கிரிக்கெட், வலைப்பந்து, கால்பந்து ஆட்கள். நான் மலேசியாவில், ஈப்போவில், பள்ளிக்கூடக் காலத்தில் சாஃப்ட்பால் ஆடியவள். படிக்க லண்டன் வந்து, உடற்கல்வி ஆசிரியையாகி, இங்கேயே தங்கிவிட்டேன். இரண்டாயிரங்களின் நடுவில், ஹவுன்ஸ்லோ பக்கம் ஓர் இளையோர் பேஸ்பால் குழு தொடங்கினார்கள். களத்தடுப்பு சொல்லிக்கொடுக்க ஆள் தேவைப்பட்டது. சாஃப்ட்பாலும் பேஸ்பாலும் பங்காளிகள்தான் என்பதால் சரி என்றேன். சம்பளம் கிடையாது. வாரக்கடைசியில் வீட்டு வேலையிலிருந்து தப்பலாம் என்பதே பெரிய ஊதியமாக இருந்தது.

எங்கள் மைதானத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஹீத்ரோவில் இறங்கும் விமானங்கள் சரியாக எங்கள் தலைக்கு மேலேதான் வரும். காற்று ஒரு பக்கமாக வீசும் நாள்களில் ஒன்று போனால் அடுத்தது. விமானம் தலைக்கு மேல் இருக்கும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. பேஸ்பாலில் இது சின்ன விஷயமில்லை. உயரே எழும்பிய பந்துக்கு இரண்டு பேர் ஓடினால், “நான், நான்” என்று ஒருவர் கத்தியாக வேண்டும். எங்கள் பிள்ளைகள் கத்துவார்கள், விமானம் விழுங்கிவிடும், இரண்டு நெற்றிகளும் முட்டிக்கொள்ளும். முதல் வருடம் ஐஸ் பைகளுக்கே எங்கள் நிதியெல்லாம் போயிற்று.

கஜன் அந்தக் குழுவுக்கு வந்தபோது அவனுக்குப் பதினைந்து வயது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஒன்பது வயதில் அம்மாவோடு இங்கே வந்தவன். அப்பா சிவநாதன் அதற்கு முன்பே வந்து, விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றும் வேலையில் இருந்தார். பையன் நெடுநெடுவென்று இருப்பான். குதிரை மாதிரி ஓடுவான். மைதானத்தின் அந்தக் கோடியில் நின்று எறிந்தால் பந்து ஒரு தடவைகூடத் தரையில் படாமல் இந்தக் கோடிக்கு வந்து சேரும். எறிவது இடது கையால். அவன் எறிந்த முதல் பந்தைப் பார்த்ததும் எங்கள் தலைமைப் பயிற்சியாளர் என் பக்கம் திரும்பி, புருவத்தை மட்டும் தூக்கினார்.

தலைமைப் பயிற்சியாளர் சிங்கப்பூர்க்காரர், வாக்கியத்தை ‘லா’ என்று முடிக்கிற ஊர்க்காரர். அமெரிக்காவில் படிக்கப் போன இடத்தில் பேஸ்பால் அவரைப் பிடித்துக்கொண்டது. வாரநாள்களில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கணினி வேலை. பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், எழுதவில்லை. அவர் எனக்கு இளையவர். அவருக்கு நான் அக்கா, எனக்கு அவர் தம்பி. ஆனால் ஆட்டத்தைப் பற்றிய அறிவில் அவர்தான் எனக்கு மூத்தவர். அதை நீங்கள் மறக்காமல் இந்தக் கதையைக் கேட்க வேண்டும். அவரை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை.

இடக்கைக்காரர்களுக்கு பேஸ்பாலில் ஒரு சங்கடம் உண்டு. மட்டையால் அடித்தவர் மூன்று பேஸ்களையும், அதாவது தரையில் பதித்த மெத்தைகளை, வரிசையாகத் தொட்டு, அடித்த இடத்துக்கே திரும்பினால் ஓர் ஓட்டம். களத்தில் ஓட்டக்காரர் சுற்றி வரும் திசை ஒன்றுதான், மாறாது. அதனால் சில இடங்களில் நிற்கும் இடக்கைக்காரர் எறிவதற்கு முன் உடம்பை முழுக்கத் திருப்ப வேண்டும். அந்த ஒரு நொடியில் ஓட்டக்காரர் போய்ச் சேர்ந்துவிடுவார். ஆகவே இடக்கைக்காரருக்கு என்று ஒதுக்கப்பட்ட இடங்கள் கொஞ்சம்தான். பந்து வீசலாம், முதல் பேஸில் நிற்கலாம், தூரத்துப் புல்வெளியில் நிற்கலாம். அவ்வளவுதான்.

பந்து வீச வைத்துப் பார்த்தோம். வீசுபவர் நிற்கும் மேட்டில் ஏறியதும் கஜனின் உடம்பு கம்பாக இறுகிவிட்டது. எல்லார் கண்ணும் அவன்மேல் இருப்பதை அவனால் தாங்க முடியவில்லை. பந்து வேலிக்குப் போயிற்று, மரத்துக்குப் போயிற்று, மட்டை பிடித்தவனின் முதுகுக்கும் போயிற்று. அடுத்த வாரம் அவனை முதல் பேஸில் நிறுத்தினோம். ஒழுங்காகச் செய்தான். ஆனால் அந்தக் காலுக்கும் அந்தக் கைக்கும் அங்கே வேலையே இல்லை.

அவன் முதல் பேஸில் நின்ற நாள்களில்தான் நான் ஒன்றைக் கவனித்தேன். பந்து தன் பக்கம் வராத நேரத்தில் கஜன் சும்மா நிற்பதில்லை. வானத்தைப் பார்ப்பான். விமானம் வருகிறதென்றால், பின்னால் நிற்பவர்களைப் பார்த்துக் கையைத் தூக்குவான். உள்ளங்கை திறந்திருந்தால் ‘உனது’, மூடியிருந்தால் ‘எனது’. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டு மூன்று வாரங்களில் குழு முழுவதும் அதைப் பின்பற்றத் தொடங்கியது. நெற்றிகள் முட்டுவது நின்றது. வாய் திறந்து பத்து வார்த்தை பேசாத பையன், களம் முழுவதையும் கையால் நடத்திக்கொண்டிருந்தான்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே தொழில் ரகசியம் இதுதான். பந்து வரும்போது ஒரு பிள்ளை என்ன செய்கிறது என்பதை எல்லோரும் பார்ப்பார்கள். வராதபோது என்ன செய்கிறது என்று நீங்கள் பாருங்கள்.

நான் பார்த்தேன். பார்த்ததும் என் மனத்தில் ஓர் எண்ணம் விழுந்தது. இவன் கேட்சர்.

மட்டை பிடிப்பவருக்குப் பின்னால், முகத்தில் கம்பி மாஸ்க்கும் நெஞ்சில் கவசமுமாகக் குந்தியிருப்பாரே, அவர்தான் கேட்சர். நம் விக்கெட் கீப்பர் மாதிரி. களத்தில் நிற்கும் ஒன்பது பேரில் அவர் ஒருவர்தான் மற்ற எட்டுப் பேரையும் நேருக்கு நேர் பார்ப்பவர். அடுத்த பந்து எப்படி வர வேண்டும் என்று வீசுபவருக்குச் சைகை காட்டுவதும் அவர்தான். யாருடைய பார்வையும் தன்மேல் படக்கூடாது, ஆனால் தான் எல்லாரையும் பார்க்க வேண்டும் என்று நினைக்கும் ஒருவனுக்கு இதைவிட நல்ல இடம் எது?

ஒரேயொரு சிக்கல். இடக்கைக்காரர் கேட்சராக நிற்பதில்லை. எங்கேயும் நிற்பதில்லை என்றே சொல்லிவிடலாம்.

“அக்கா, நீங்க சொல்றது எனக்குப் புரியாம இல்ல,” என்றார் தலைமைப் பயிற்சியாளர். “ஆனா அவன் காலப் பாருங்க, கையப் பாருங்க. சென்டர் ஃபீல்டுக்குன்னே செஞ்ச ஒடம்பு அது. அங்க நிறுத்தினா, நாளைக்கே எந்தக் குழுவும் எடுத்துக்கும்.”

சென்டர் ஃபீல்ட் என்பது களத்தின் மறுகோடி. நேர் எதிரே, பரந்த புல்வெளி. வேகமும் கைபலமும் உள்ளவர்களின் இடம்.

“அங்க நின்னா அவன் மூள யாருக்கு வேணும், தம்பி?” என்றேன்.

“மூளய வச்சு என்னா செய்ய? இடது கை கேட்சர்னு சொன்னா, தேர்வாளருங்க பையனோட பேரக்கூடக் கேக்க மாட்டாங்க. நம்ம நெனப்புக்காக அவன் சான்ஸ பலி குடுக்கக் கூடாது லா.”

அவர் பயப்பட்டதற்குக் காரணம் இருந்தது. கோடை முடிவில் தேசிய இளையோர் அணிக்கான தேர்வு நாள் வருகிறது. ஒவ்வொரு பிள்ளையும் எந்த இடத்துக்குப் போட்டியிடுகிறான் என்று அன்று காலையில் சொல்ல வேண்டும். ஒரே இடம்தான் சொல்லலாம். எங்கள் குழுவிலிருந்து அதுவரை ஒருவரும் தேர்வானதில்லை.

ஜூன் முழுவதும் இந்தச் சண்டை ஓடியது. பிள்ளைகள் முன்னால் ஆங்கிலத்தில் சண்டை போட முடியாது. தமிழில் போட்டால் கஜனுக்குப் புரிந்துவிடும். ஆகவே இருவரும் மலாயில் சண்டை போட்டோம். சந்தைக்கடை மலாய்தான், ஆனால் வாக்குவாதத்துக்கு அது தாராளமாகப் போதும்.

ஒருநாள் தண்ணீர் குடிக்க வந்த கஜன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

“மிஸ், என்னைப் பற்றித்தானே கதைக்கிறீங்கள்?”

“உனக்கு மலாய் தெரியுமா?”

“தெரியாது. கோச் ஒவ்வொரு முறையும் அங்க காட்டுறார், நீங்கள் ஒவ்வொரு முறையும் இஞ்ச காட்டுறீங்கள். ரெண்டு பேரும் காட்டி முடிய என்னைப் பாக்கிறீங்கள்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, உனக்கு எங்க நிக்கப் பிடிக்கும்?”

தோளைக் குலுக்கினான். “ரெண்டு இடத்திலயும் நிண்டு பாக்காமல் என்னெண்டு சொல்லுறது?”

இதைவிட நியாயமான பதில் இருக்க முடியாது. அதைத் தலைமைப் பயிற்சியாளரிடம் அப்படியே போய்ச் சொன்னேன். அவர் பிடிவாதக்காரர். ஆனால் பிடிவாதக்காரர்களிலும் இரண்டு வகை உண்டு. நியாயத்தைச் சொன்னால் கேட்டுக்கொள்கிற வகை அவர். “சரி, ஜூலை கடைசி மேட்ச் உங்களுக்கு,” என்றார். “நம்ம கேட்சர் லீவுக்கு ஊருக்குப் போறான். அன்னைக்கு இவன நிறுத்துங்க. களத்துல முடிவு எல்லாம் உங்களோடது, நான் வாயத் தொறக்க மாட்டேன். ஆனா அன்னைக்குச் சரிவரலைன்னா, அதுக்கப்புறம் சென்டர் ஃபீல்ட்தான்.”

ஒத்துக்கொண்டேன். பிறகுதான் கஜனின் அம்மா நினைவுக்கு வந்தார்.

அவர் பெயர் சுகந்தி. அவர் மகன் ஆடி ஒருநாளும் பார்த்ததில்லை. நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது சிவநாதன் இரவு ஷிப்ட் முடிந்து வந்து, தூங்காமல் எனக்காகக் காத்திருந்தார். சுகந்தி தேநீரும் ரோல்ஸும் கொண்டுவந்து வைத்துவிட்டு உட்காராமல் நின்றார்.

“டீச்சர், கோவிக்கக் கூடாது,” என்றார். “பந்தடிக்கிறவனுக்குப் பின்னால இருக்கிற இடம்தானே? மட்டை வந்து முகத்தில பட்டால்? கண்ணில பட்டால்? எங்களுக்கு இருக்கிறது ஒரே பிள்ளை. எத்தினையைத் தாண்டி இஞ்ச கொண்டுவந்து சேர்த்தனாங்கள்.”

“மாஸ்க் இருக்கும்மா. நெஞ்சுக்கும் காலுக்கும் கவசம் இருக்கு.”

“கவசம் போட்டுக்கொண்டு செய்யிற விளையாட்டை ஏன் விளையாட வேணும்?”

சிவநாதன் என் உதவிக்கு வருவார் என்று பார்த்தேன். அவருக்கு வேறு கவலை. “கிரிக்கெட் எண்டால் எங்கட ஆக்கள் எல்லாருக்கும் விளங்கும். இதைப் பற்றி வேலை இடத்தில கதைக்கவே ஏலாமல் கிடக்கு,” என்றார். பிறகு மனைவியைப் பார்த்து, “உதுக்கு ஏன் இவ்வளவு யோசிக்கிறீர்? நீரே ஒருக்கா வந்து பாருமன். பாத்திட்டு வேண்டாம் எண்டால் வேண்டாம்,” என்றார்.

சுகந்தி மகனைப் பார்த்தார். கஜன் அறைக் கதவில் சாய்ந்து நின்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். “வாறன்,” என்றார் அவர். “ஆனால் ஒருக்கா அடிபட்டாலும் நான் உள்ளுக்க வந்து கூட்டிக்கொண்டு போயிடுவன்.”

வருவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால் அந்த வாரம் முழுவதும் அவனுக்குக் கவசத்தைப் போட்டுப் போட்டு, குந்தவும் எழும்பவும் பழக்கினேன். கேட்சர் கையுறை வேண்டுமே. கடையில் கிடைப்பதெல்லாம் வலக்கைக்காரர் அணிவது. கடைசியில் அவனுடைய முதல் பேஸ் கையுறையையே போட்டுக்கொள்ளச் சொன்னேன். கொஞ்சம் மெல்லியது, கை எரியும். எரிகிறதா என்று கேட்டதற்கு, “எரியுது, ஆனால் பரவாயில்லை,” என்றான்.

ஆட்ட நாள் வந்தது. எதிரணி வலுவானது, அந்தப் பருவத்தில் எங்களை ஏற்கெனவே ஒருமுறை தோற்கடித்தவர்கள். சுகந்தி கையில் குடையோடு வேலியோரம் உட்கார்ந்தார். மழை இல்லை. குடை எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை. பிறகு சிவநாதன்தான் சொன்னார், உள்ளே ஓடி வர வேண்டியிருந்தால் கையில் ஏதாவது இருக்கட்டுமே என்று எடுத்துவந்தாராம்.

முதல் பாதி நன்றாகப் போயிற்று. கஜன் ஒரு பந்தையும் விடவில்லை. வீசியவன் தாமஸ் என்ற பையன். நல்ல கை, ஆனால் சீக்கிரம் பதறுவான். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் கஜன் உள்ளங்கையைத் தரையை நோக்கி மெல்ல அழுத்திக் காட்டுவான், ‘பதறாதே, ஆறுதலாக’ என்று. தாமஸ் மூச்சு விடுவான். பிறகு வீசுவான். நான் தலைமைப் பயிற்சியாளரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கைகட்டி நின்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், வாய் திறக்கவில்லை.

பிற்பகுதியில்தான் தொல்லை தொடங்கியது. எதிரணியின் ஓட்டக்காரன் ஒருவன் இரண்டாம் பேஸிலிருந்து, பந்து வீசப்படும் தருணத்திலேயே மூன்றாம் பேஸுக்கு ஓடினான். இதற்குத் திருட்டு என்று பெயர். சட்டத்துக்கு உட்பட்ட திருட்டு. கேட்சர்தான் பந்தைப் பிடித்து மூன்றாம் பேஸுக்கு எறிந்து அவனை மடக்க வேண்டும். இடக்கைக்காரன் உடம்பைத் திருப்ப வேண்டிய இடம் இதுதான். கஜன் திருப்பி எறிந்தபோது அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் இன்னொருவனும் அதையே செய்தான். அவனும் சேர்ந்துவிட்டான். மூன்றாம் பேஸில் நின்ற அந்த இருவரும் பிறகு ஓட்டமாக மாறினார்கள். எங்கள் முன்னிலை ஒரே ஓட்டமாகக் குறைந்தது.

மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது. “இடது கையனை அங்கே யார் நிறுத்தினது?” என்று ஒருவர் ஆங்கிலத்தில் உரக்கவே கேட்டார். கடைசிச் சுற்று, இன்னும் ஒருவனை ஆட்டமிழக்கச் செய்தால் ஆட்டம் முடியும். இரண்டாம் பேஸில் மறுபடி ஒரு வேகமான ஓட்டக்காரன். அவன் மூன்றாம் பேஸைத் திருடி, அடித்த இடத்துக்கும் வந்துவிட்டால் சமநிலை, அதற்கு மேலும் போகலாம். தலைமைப் பயிற்சியாளர் என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை, ஆனால் அவர் கண் கேட்ட கேள்வி எனக்குத் தெரிந்தது. மாற்றுவதற்கு ஆள் இருந்தான். அரைகுறையாகக் கேட்சர் வேலை தெரிந்த ஒரு வலக்கைப் பையன் பெஞ்சில் கவசத்தைப் போட்டுக்கொண்டு தயாராகவே இருந்தான்.

ஆட்டத்தை நிறுத்தக் கேட்டுக்கொண்டு உள்ளே நடந்தேன். நடந்தபோது என் மனத்தில் இரண்டு பேச்சு. மாற்றிவிட்டால் ஆட்டத்தைக் காப்பாற்றலாம், என்னையும் காப்பாற்றிக்கொள்ளலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அப்படி மாற்றினால் இந்தப் பிள்ளை இனி ஒருநாளும் அந்த இடத்துக்குத் திரும்பமாட்டான் என்றும் தெரிந்தது. அவன் முன்னால் போய் நின்றபோதும் நான் முடிவெடுக்கவில்லை. அதனால் முடிவைச் சொல்லாமல் கேள்வி கேட்டேன்.

“கஜன், நீ என்ன பாக்குற?”

மாஸ்க்கை உயர்த்தினான். முகமெல்லாம் வியர்வை. பயந்திருப்பான் என்று நினைத்தேன். பயப்படவில்லை, யோசித்துக்கொண்டிருந்தான்.

“பிரச்சினை நான் எறியிறதில இல்லை மிஸ். தாமஸ் வீசிறதுக்கு முன்னால ஒருக்காத்தான் திரும்பி ரெண்டாவது பேஸைப் பாக்கிறான். பிறகு பாக்கிறதே இல்லை. அவை அதைக் கண்டுபிடிச்சிட்டினம். அவன் பாத்து முடிய ஓடத் தொடங்குகினம். நான் வலது கையால எறிஞ்சாலும் பிடிக்க ஏலாது.”

நான் திகைத்துப் போனேன். நானும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்? தலைமைப் பயிற்சியாளரும்தானே? நாங்கள் இருவரும் அவனுடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். வேறெதுவும் எங்கள் கண்ணில் படவில்லை.

“அப்ப என்ன செய்யலாம்?”

“இந்த முறையும் ஒருக்காப் பாத்திட்டு முன்னால திரும்பட்டும். நான் சைகை காட்டினதும் திரும்பி ரெண்டாவது பேஸுக்கு எறியட்டும்.”

தாமஸைக் கூப்பிட்டான். மூவரும் நின்று அரை நிமிடம் பேசினோம். விமானம் ஒன்று வந்துகொண்டிருந்தது. நான் பெஞ்சுக்குத் திரும்பி நடந்தேன், கஜனை அங்கேயே விட்டுவிட்டு. பெற்றோர் பக்கமிருந்து ஒரு முணுமுணுப்பு எழுந்தது. தலைமைப் பயிற்சியாளர் மூச்சை இழுத்துப் பிடித்தார், அவ்வளவுதான்.

தாமஸ் நின்றான். ஒருமுறை திரும்பி இரண்டாம் பேஸைப் பார்த்தான். முகத்தை முன்னால் திருப்பினான். ஓட்டக்காரன் வழக்கம்போலப் புறப்பட்டுவிட்டான். விமானம் தலைக்கு மேல். ஒரு சத்தமும் கேட்கவில்லை. கஜனின் கை ஒரு வெட்டு வெட்டியது. தாமஸ் சுழன்று இரண்டாம் பேஸுக்கு எறிந்தான். ஓட்டக்காரன் நடுவழியில் நின்றான். முன்னால் போகவும் முடியாது, பின்னால் வரவும் முடியாது. அங்குமிங்கும் இரண்டு தடவை ஓடிப் பார்த்தான், பிடிபட்டான். விமானம் கடந்துபோன பிறகுதான் எங்கள் பிள்ளைகளின் கூச்சல் காதில் விழுந்தது.

அந்த ஒரு ஓட்டத்தில் வென்றோம்.

சுகந்தி குடையோடு எழுந்து வந்தார். மகனின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் படவில்லை. பிறகு என்னிடம் வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

“டீச்சர், வீட்டில ஒரு கேள்வி கேட்டால் ஒரு சொல்தான் பதில் வரும். இஞ்ச வந்து பெரிய பள்ளிக்கூடத்தில சேர்த்த நாள் தொடக்கம் அப்பிடித்தான். இவன் இனிக் கதைக்கவே மாட்டானோ எண்டு நான் பயந்து போனன். இஞ்ச என்னெண்டால் வெள்ளைக்காரப் பெடியள் முழுப்பேரையும் ஏவிக்கொண்டு நிக்கிறான்.” கொஞ்சம் சிரித்தார். “அந்த இடத்திலயே நிக்கட்டும்.”

கருவிகளை வண்டியில் ஏற்றும்போது தலைமைப் பயிற்சியாளர் என்னிடம் சொன்னதை இன்றைக்கும் மறக்கவில்லை. “அவன் கேட்சர்தான், ஒத்துக்குறேன். ஆனா கேட்சரா அவன யாரும் எடுக்க மாட்டாங்க. ரெண்டும் உண்மை. இப்ப என்னா செய்யிறது அக்கா?”

தோற்றவர் கேட்கும் கேள்வி அல்ல அது. ஆட்டத்தில் நான் வென்றதாக நினைத்துப் பூரித்திருந்தேன். அவருடைய கேள்வியில் பூரிப்பு அடங்கியது. உண்மையாகவே, என்ன செய்வது? நமக்குச் சரியென்று பட்டது அந்தப் பிள்ளைக்கு வாசலை அடைத்தால், அது எந்த வகையில் சரி? அடுத்த வாரங்களில் கஜனை மாற்றி மாற்றி இரண்டு இடத்திலும் நிறுத்தினோம். சென்டர் ஃபீல்டிலும் அவன் அற்புதமாக இருந்தான் என்பதை நான் சொல்லியே ஆக வேண்டும். அங்கிருந்தும் களம் முழுவதும் தெரியும், பின்பக்கமிருந்து. அதைக் கேட்சரின் இடத்துக்கு நேர் எதிர் என்று நான் வாதாடிக்கொண்டிருந்தேன். எதிர் என்பது சரிதான், ஆனால் ஒரே கோட்டின் இரண்டு முனைகள். எனக்கு அது அவனைப் பார்த்தபிறகுதான் விளங்கியது.

தேர்வு நாள் லண்டனுக்கு வெளியே ஒரு பள்ளி மைதானத்தில். காரில் நான்கு பேர்: நாங்கள் இருவர், சிவநாதன், கஜன். பதிவு மேசையில் ஒரு பெண்மணி பேனாவை எடுத்துக்கொண்டு, “எந்த இடம்?” என்றார். தலைமைப் பயிற்சியாளர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வழியெல்லாம் இருவரும் இதைப் பற்றிப் பேசாமலேயே வந்திருந்தோம்.

“கஜன், நீயே சொல்லுடா,” என்றார் அவர்.

கஜன் திரும்பி மைதானத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். பிறகு, “சென்டர் ஃபீல்ட்,” என்றான்.

என் முகம் விழுந்திருக்க வேண்டும். மேசையை விட்டு நகர்ந்ததும் அவனே என்னிடம் வந்தான். “மிஸ், அங்க பாருங்கோ. கேட்சர் கவசத்தோட எத்தினை பேர் நிக்கினம். ஒராளுக்குக் கொஞ்ச நேரம்தான் குடுப்பினம். சென்டர் ஃபீல்டுக்கு ஆக்கள் குறைவு. முழு நாளும் நிக்கலாம், முழு நாளும் என்னைப் பாப்பினம்.”

பார்வை பட்டால் இறுகிப்போகிற பையன் சொன்ன சொல் இது. நான் அவன் தோளைத் தட்டிவிட்டு வேலியோரம் போய் நின்றேன்.

அன்று அவன் முழு நாளும் நின்றான். முழு நாளும் ஓடினான். தன் இரு பக்கமும் நின்ற, அன்று காலைவரை முகம் தெரியாத பிள்ளைகளை இங்கே வா, அங்கே போ என்று ஒழுங்குபடுத்திக்கொண்டே இருந்தான். மாலையில் தேர்வாளர்களில் மூத்தவர், வெயிலில் சிவந்துபோன ஒரு பெரியவர், எங்களிடம் வந்தார். “அந்த இடக்கைப் பையன் உங்கள் பையனா? உங்கள் குழுவில் அவனை எங்கே நிறுத்துகிறீர்கள்?”

“சென்டர் ஃபீல்ட்,” என்றார் தலைமைப் பயிற்சியாளர்.

“கேட்சர்,” என்றேன் நான், அதே நொடியில்.

பெரியவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரித்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். காரியத்தைக் கெடுத்துவிட்டோமோ என்று காரில் திரும்பி வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில், ஆசிரியர் அறையில் இருந்தபோது சிவநாதன் கூப்பிட்டார். வேலை இடத்திலிருந்து பேசினார், பின்னால் ஒரே இரைச்சல்.

“டீச்சர், எடுத்திட்டினம்! இப்பதான் வீட்டுக்கு அறிவிச்சவை. சுகந்தி அழுதுகொண்டு எனக்குப் போன் எடுத்தவ!”

“எந்த இடத்துக்கு எடுத்திருக்காங்க?”

“அதைச் சொல்லேல்லையாம். இவனும் கேட்டவனாம். ‘முதல்ல நீ வா, எங்க நிக்கிறதெண்டு பிறகு பாப்பம்’ எண்டு சொன்னவையாம். இஞ்ச வேலை இடத்தில எல்லாருக்கும் சொல்லிட்டன் டீச்சர். பேஸ்பால் எண்டால் என்னெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. எண்டாலும் எல்லாரும் கை குடுக்கினம்.”

உடனே தலைமைப் பயிற்சியாளரை அழைத்துச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

“அப்ப நாம ரெண்டு பேரும் ஒரு சம்மர் முழுக்க எதுக்கு அக்கா சண்ட போட்டோம்?”

“சண்ட போட்டதாலதான் தம்பி, அவன் ரெண்டு எடத்துலயும் நின்னான். உங்க பேச்ச மட்டும் கேட்டிருந்தா தூரத்துலயே நின்னுருப்பான். என் பேச்ச மட்டும் கேட்டிருந்தா கவசத்தோட வரிசையில கடைசியா நின்னு வீட்டுக்குத் திரும்பியிருப்பான்.”

உங்களுக்குச் சொல்ல நினைத்ததும் இதுதான். கூட வேலை செய்பவர் உங்களோடு ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். நன்றாகச் சண்டை போடத் தெரிந்தவரைத் தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள். சண்டை முடிவதற்குள் பிள்ளை இரண்டு இடத்திலும் நின்று பார்த்துவிட வேண்டும், அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு அவர் போனை வைக்கவில்லை. “அது இருக்கட்டும்,” என்றார். “புதுசா வந்திருக்கே அந்தச் சின்னப் பொண்ணு, கையில பசை போட்ட மாதிரி பிடிக்குதே, அத எங்க நிறுத்தப் போறீங்க?”

“மூணாவது பேஸ்,” என்றேன்.

“முடியவே முடியாது லா,” என்றார் அவர். ஆசிரியர் அறைக் கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டேன்.